பாலத்தை விட்டுப் போகச் சொன்ன குரல்

கனடிய வெளியுறவுச் சேவையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் அண்மையில் ஸ்காபரோவில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். தேநீர் குடித்து முடிந்ததும் ஒரு பிள்ளை கேட்டாள்: "அன்ரி, நீங்கள் இருந்த பேச்சுவார்த்தையள்ல ஏதாவது ஒண்டு, லைக், அக்சுவலா வேர்க் பண்ணினதா?" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றிக்கொண்டு வர எழுந்து போய்விட்டேன். ஓய்வு பெற்றவர்களுக்கு அந்த வசதி உண்டு. ஆனால் நீங்கள் போன பிறகும் அந்தக் கேள்வி வீட்டை விட்டுப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன். வெற்றி பெற்ற சமரசங்களைப் பற்றி உங்கள் பயிற்சி வகுப்புகளில் நிறையவே சொல்வார்கள். இது அங்கே சொல்லப்படாத ஒன்று.

நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த விடயத்தில் கொடுத்த வாக்கு ஓய்வுடன் தீர்ந்துபோவதில்லை. பிரெஞ்சு பேசும் ஒரு சிறிய நாடு. தலைநகரின் நடுவே ஒரு ஆறு ஓடுகிறது. ஆற்றின் ஒரு கரையில் சந்தையும் பல்கலைக்கழகமும், மறுகரையில் ஜனாதிபதி மாளிகை. இரண்டையும் இணைப்பது ஒரு பாலம். ஜனாதிபதியின் பதவிக்காலம் முடிந்திருந்தது, ஆனால் அவர் போகவில்லை. தேர்தலை ஒத்திவைத்தார். பிறகு மறுபடியும் ஒத்திவைத்தார். எதிர்க்கட்சித் தலைவரை வீட்டுக்காவலில் வைத்து, அவருடைய தொலைபேசியையும் துண்டித்தார். மாணவர்களும் சந்தைப் பெண்களும் பாலத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பாய் விரித்து, அடுப்பு மூட்டி, அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்தார்கள். மாளிகைப் பக்கத்து முனையில் இராணுவம் நின்றது.

மூன்று நாடுகள் சமரசம் பேச முன்வந்தன. கனடா அவற்றில் ஒன்று. அந்தக் குழுவில் நான் ஒரு இளைய அதிகாரி. ஐரோப்பிய நாடு ஒன்றின் தூதுவர் தலைமை வகித்தார். மூன்றாவது, அவர்களின் அயல்நாடு. அதன் பிரதிநிதி வாயைத் திறப்பதே அரிது, ஆகவே இந்தக் கதையில் அவர் வரமாட்டார்.

பேச்சு ஏன் ரொறன்ரோவில் நடந்தது என்று கேட்பீர்கள். தொலைபேசி துண்டிக்கப்படும் முன்பே எதிர்க்கட்சித் தலைவர் தன் சார்பில் பேச நியமித்தது தன் தங்கை எஸ்தரை. எஸ்தர் அந்த நாட்டில் நீதவானாக இருந்து, உயிருக்குப் பயந்து இங்கே வந்தவர். ரொறன்ரோவின் ரெக்ஸ்டேல் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தார். அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாததால் அவர் கனடாவை விட்டு வெளியே போக முடியாது. எனவே மற்றவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பெயர் நினைவில் நிற்காத வகையான ஒரு ஹோட்டலில், திருமண விருந்துகளுக்குக் கொடுக்கும் மண்டபத்தைத் தடுத்து அறைகளாக்கிக் கொண்டோம். பெப்ரவரி மாதம். பனியைக் கரைக்க வீதியில் தூவும் உப்பு எல்லோருடைய சப்பாத்திலும் ஒட்டி வந்து, அந்தச் சிவப்புக் கம்பளம் முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை விமானம் கூரையை உரசுவது போலப் போகும். அப்போது எல்லோரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம்.

அரசாங்கத்தின் சார்பில் வந்தவர் ஒரு முதிய சட்டப் பேராசிரியர். முன்பு அமைச்சராகவும் இருந்தவர். எஸ்தர் சட்டம் படித்தது அவரிடம்தான். சின்ன நாடுகளில் இப்படித்தான், எதிர் எதிரே உட்காருபவர்கள் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் சாப்பிட்டிருப்பார்கள். முதல் நாள் எஸ்தர் அவரைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். பிறகு, எழுந்ததற்காகத் தன்மீதே கோபப்பட்டவர் போல, சட்டென்று உட்கார்ந்தார்.

அங்கே பேசப்பட்டது பிரெஞ்சும் ஆங்கிலமும். ஆனால் அந்த நாட்களை நினைக்கும்போது எல்லோரும் என் காதில் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள். அப்படியே எழுதிவிடுகிறேன். தூதுவரை மட்டும் மாற்ற முடியவில்லை. எந்த மொழியானாலும் அவர் அறிக்கை வாசிப்பது போலத்தான் பேசுவார்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஒரு பெண்மணி. மெல்லிய குரல், எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. கூட்டங்களில் அதிகம் பேசமாட்டார். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. தொடக்கத்திலேயே என்னிடம் ஒன்று சொன்னார்: "மேசையிலை என்ன கதைக்கினம் எண்டதை எழுத வேறை ஆக்கள் இருக்கினம். நீர், அவை மேசையை விட்டு எழும்பினாப் பிறகு ஆர் ஆருக்கு ஃபோன் எடுக்கினம் எண்டதைப் பாரும்."

பேச்சு நன்றாகத்தான் தொடங்கியது. ஜனாதிபதி ஓராண்டில் விலகுவது, எதிர்க்கட்சித் தலைவரை விடுவிப்பது, மக்கள் பாலத்தை விட்டு விலகுவது என்ற மூன்றிலும் இரு தரப்பும் உடன்பட்டன. எது முதலில் என்பதில் சிக்கிக்கொண்டது. முதலில் பாலம் காலியாக வேண்டும் என்றார் பேராசிரியர். முதலில் அண்ணன் வீட்டுக்கு வெளியே வரவேண்டும் என்றார் எஸ்தர்.

"பாலத்திலை சனம் இருக்கிற வரைக்கும்தான் நாங்கள் மேசையிலை இருக்கிறம், சேர்," என்றார் அவர். "சனம் வீட்டை போனால் உங்கடை ஆக்கள் எங்களோடை ஏன் கதைக்கப் போகினம்?"

பேராசிரியர் மறுக்கவில்லை. "நீர் சொல்லுறது விளங்குது, பிள்ளை. நான் கேட்டுப் பாக்கிறன்," என்று சொல்லி வெளியே போய்த் தொலைபேசி எடுப்பார். சிறிது நேரத்தில் ஏதாவது பதிலோடு வருவார். சில வேளை நல்ல பதில், சில வேளை கெட்ட பதில். ஆனால் பதில் வரும்.

பிறகு பதில் வருவது நின்றது.

அதை நான் கண்டது காலைச் சாப்பாட்டு நேரத்தில். பேராசிரியர் பழத்தட்டுகளுக்குப் பக்கத்து மேசையில் தனியாக உட்கார்ந்து, எண்ணை அழுத்துவதும் காதில் வைப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தார். முட்டை ஆறிப்போயிருந்தது. நான் வணக்கம் சொன்னேன். "லைன் கிடைக்குதில்லை," என்றார். மதியமும் அதே இடத்தில் அதே நிலையில் இருந்தார். பேச்சு மேசையிலோ, எதுவும் நடக்காதது போல, வசனங்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

மேலதிகாரியிடம் சொன்னேன்.

"லைன் இல்லையோ, இல்லை அந்தப் பக்கம் எடுக்கினமில்லையோ?"

"ரிங் போகுது. எனக்குக் கேட்டது. எடுக்கினமில்லை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அப்ப இந்த மனுசனை அனுப்பினவையே இப்ப முடிவெடுக்கிற நிலையிலை இல்லை," என்றார்.

அதே நாள் தூதுவருக்கு அவசரம் வந்துவிட்டது. அவருடைய அமைச்சர் ஏதோ ஒரு மாநாட்டில் பேச இருந்தார். அந்த மேடையில் உடன்பாட்டை அறிவிக்க ஆசைப்பட்டார். மதியம் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுத் தூதுவர் சொன்னார்: "காலையில் பாலம் காலியாகும், மாலையில் விடுதலை நடக்கும். இரண்டும் ஒரே நாளில். பேராசிரியர் ஒப்பமிடத் தயாராக இருக்கிறார். எஸ்தர் அம்மையாருக்கு மூன்று நாடுகளும் உத்தரவாதம் அளிப்பதாக நீங்கள் சொல்ல வேண்டும். அவர் உங்களை நம்புகிறார்."

கடைசி வசனத்தை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அது உண்மை. நானும் அகதியாக வந்தவள் என்பது எஸ்தருக்குத் தெரியும். இடைவேளைகளில் என் பக்கத்தில் வந்து நிற்பார்.

"என்ன உத்தரவாதம்?" என்று என் மேலதிகாரி கேட்டார். "விடுதலை செய்யாட்டி நாங்கள் என்ன செய்வம்?"

"கண்டனம் தெரிவிப்போம்," என்றார் தூதுவர்.

அவர் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அந்த நாட்டை உண்மையிலேயே நேசித்தவர், அங்கே பல வருடங்கள் இருந்தவர். பேச்சு முறிந்தால் இரத்தம் ஓடும் என்று பயந்தார். அந்தப் பயத்தில், பேச்சு முறியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். நம் வேலையில் மிகப் பொதுவான நோய் இதுதான். பேச்சு நடப்பதையே விளைவாக எண்ணத் தொடங்கிவிடுவோம். பதில் பயங்கரமாக இருக்கும் என்று தெரிந்த கேள்வியை ஒருவரும் கேட்க மாட்டோம்.

என் மேலதிகாரி கேட்டார். எல்லோரும் மேசைக்குத் திரும்பியதும், ஒப்பமிடும் பிரதி பேராசிரியருக்கு முன்னால் வைக்கப்பட்டபோது, தன் மெல்லிய குரலில் கேட்டார்:

"பேராசிரியர், உங்கடை ஜனாதிபதி இப்ப ஒருக்கா லைனிலை வந்து இதை ஓம் எண்டு சொல்லுவாரோ?"

தூதுவரின் முகம் சிவந்துவிட்டது. இது அவமதிப்பு என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். பேராசிரியர் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். மேலே ஒரு விமானம் போனது. எல்லோரும் வழக்கம்போலக் காத்திருந்தோம்.  சத்தம் அடங்கியதும் பேராசிரியர் பேனாவை மூடி வைத்தார். எங்களைப் பார்க்காமல் எஸ்தரைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளை, என்ரை வாக்கு இருக்கு. அதுக்குப் பின்னாலை ஒண்டும் இல்லை."

ஒப்பமிடாத பிரதியை மேசையின் நடுவே தள்ளிவைத்தார்.

"ஜனாதிபதி எங்கை இருக்கிறார் எண்டே எனக்குத் தெரியேல்லை. இப்ப எல்லாம் ஆமிக்காரர்தான். என்ரை மருமகன் அதுக்குள்ளை இருக்கிறான். அவன் மட்டும்தான் ஒருக்கா எடுத்தவன். லொறியள் ஆத்தங்கரைக்கு வந்திட்டுதாம். உம்மடை அண்ணனை விடமாட்டினம். நான் கையெழுத்து வைச்சாலும் விடமாட்டினம், வைக்காட்டியும் விடமாட்டினம். ஆனா பாலத்திலை இருக்கிற பிள்ளையளை எழுப்பி வீட்டை அனுப்பும். நீர் சொன்னால்தான் கேப்பினம்."

அது உண்மை. அண்ணனின் குரல் அடைக்கப்பட்ட பிறகு, எஸ்தரின் குரலைத்தான் தொலைபேசியில் வாங்கி ஒலிபெருக்கியில் பாலத்துக்குக் கேட்கச் செய்தார்கள். ஒவ்வொரு நாளும் அவர் அவர்களோடு பேசுவார். "இருங்கோ, விடாதேங்கோ" என்றுதான் அதுவரை சொல்லியிருந்தார்.

எஸ்தர் எழுந்து வெளியே போனார். தூதுவர் என்னை நோக்கிக் கையைக் காட்டினார். போய்ச் சொல்லுங்கள் என்று அர்த்தம்.

கோப்பி இயந்திரம் வைத்திருந்த ஒடுங்கிய நடைபாதையில் எஸ்தர் சுவரில் சாய்ந்து நின்றார். கண்ணீர் இல்லை.  கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தார்.

"அவர் சொல்லுறது உண்மையோ, இல்லை இதுவும் ஒரு விளையாட்டோ? பாலத்தைக் காலி செய்ய இப்பிடியும் ஒரு வழி இருக்குத்தானே?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"உங்கடை ஆக்கள் என்ன சொல்லினம்?"

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் இப்படி ஒரு நடைபாதையில் நீங்களும் ஒரு நாள் நிற்பீர்கள். முன்னால் நிற்பவர் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். உத்தரவாதம் இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லும்படி எனக்குப் பணிப்பு இருந்தது. சொன்னால் அவர் உடனே தொலைபேசியை எடுப்பார், மக்கள் வீட்டுக்குப் போவார்கள், உயிர்கள் தப்பும். நல்ல விளைவு, சிறிய பொய். எனக்குள் ஒரு பகுதி அதைத்தான் சொல்லச் சொன்னது.

ஆனால் நான் பதினேழு வயதில் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது, வெளிநாட்டுக்காரர் வந்து பேசுகிறார்கள் என்று ரேடியோவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் எங்களுக்காக உத்தரவாதம் சொன்னார். அவர்கள் வாகனம் ஏறிப் போன பிறகு நாங்கள் அங்கேயே இருந்தோம்.

"உத்தரவாதம் இருக்கெண்டு உங்களுக்குச் சொல்லச் சொன்னவை," என்றேன். "அப்பிடி ஒண்டும் இல்லை. உங்கடை அண்ணனை விடாட்டி நாங்கள் ஒரு அறிக்கை விடுவம். அவ்வளவுதான். லொறி வந்ததோ இல்லையோ எண்டும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான், எஸ்தர்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "சரி," என்று மட்டும் சொன்னார்.

அவர் மண்டபத்துக்குள் திரும்பி வந்து, மேசைக்கு வராமல், திரைச்சீலைப் பக்கமாகப் போய் நின்று தொலைபேசியை எடுத்தார். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் போனார். எஸ்தர் கையால் தடுத்துவிட்டார். தன் தாய்மொழியில் பேசினார். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. பேராசிரியருக்குத் தெரியும். அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டதால், என்ன சொல்லப்படுகிறது என்பதை நான் அங்கிருந்து ஊகித்தேன். தொலைபேசியில் முதலில் ஒரு பெரிய ஆரவாரம் கேட்டது. பிறகு அந்த ஆரவாரம் கோபமாக மாறியதும் கேட்டது. எஸ்தர் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "எழும்புங்கோ" என்று அர்த்தம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அங்கே அப்போது மாலை. பெரும்பாலானவர்கள் எழுந்து போனார்கள். சந்தைப் பெண்கள் அடுப்புகளைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். சிலர் போகவில்லை. அவள் விலைபோய்விட்டாள், வெள்ளைக்காரர் அவளைப் பேச வைக்கிறார்கள் என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களில் அநேகர் மாணவர்கள்.

மறுநாள் காலை ஹோட்டல் தொலைக்காட்சியில் பாலத்தைக் காட்டினார்கள். லொறிகள் வந்திருந்தன. பாய்களும் செருப்புகளும் கிடந்தன. மற்றதை மங்கலாக்கிக் காட்டினார்கள். எஸ்தர் பார்க்கவில்லை. அன்று முதியோர் இல்லத்தில் காலை வேலை இருக்கிறதென்று அதிகாலையிலேயே பஸ் எடுத்துப் போயிருந்தார்.

அண்ணனை விடவில்லை. வீட்டிலிருந்து சிறைக்கு மாற்றினார்கள். மழைக்காலம் வருவதற்குள், நோயினால் இறந்தார் என்று அறிவித்தார்கள். நாங்கள் அறிக்கை விட்டோம். மூன்று நாடுகளும் சேர்ந்து விட்ட அறிக்கை. அதில் ஒரு பெயரடையைப் பற்றி அரை நாள் வாதாடினோம் என்பதையும் உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

தூதுவர் தன் தலைநகருக்கு எழுதியபோது, பேச்சுவார்த்தை காரணமாகப் பெரும் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது என்று குறிப்பிட்டார். அந்த வரி பொய்யில்லை. அதைப் படித்த என் மேலதிகாரி, "தவிர்த்தது ஆர் எண்டு போடேல்லையே," என்றார்.  அந்தக் கோடையில் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு போனார். போகும்போது எனக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கேட்டேன். "நான் அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கவேணும் எண்டு யோசிக்கிறன்," என்றார். "ஆனா முதல் நாள் கேட்டிருந்தால் அந்த மனுசன் ஓம் எண்டிருப்பார். அப்ப அது உண்மையாவும் இருந்திருக்கும்." அதை அவரால் தீர்த்துக்கொள்ள முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. எந்தக் கேள்வியையும் ஒருமுறை கேட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள் என்பதைத்தான் நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். நேற்று அதிகாரம் இருந்தவருக்கு இன்று இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

பேராசிரியர் திரும்பிப் போகவில்லை. ரொறன்ரோவுக்கு அருகே ஒஷாவாவில் யாரோ உறவினர் வீட்டில் இருந்தார் என்று கேள்விப்பட்டேன். பிறகு அந்தச் செய்தியும் நின்றது.

எஸ்தரைப் பல வருடங்கள் நான் தேடிப் போகவில்லை. வேலையில் இருக்கும்வரை அது முறையல்ல என்று ஒரு காரணம் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் காரணமும் இல்லாமல் போனதால், சென்ற இலையுதிர் காலத்தில் ரெக்ஸ்டேலுக்குப் போனேன். அதே இல்லத்தில்தான் வேலை செய்கிறார், இப்போது சமையலறைக்குப் பொறுப்பாளர். வேலை முடிந்து வரும்வரை வெளியே நின்றேன். என்னைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்திலிருந்த கோப்பிக் கடைக்குப் போனோம். முடி முழுவதும் நரைத்திருந்தது. தன் நாட்டுக்காரர்கள் போகும் தேவாலயத்துக்கு இப்போது போவதில்லை என்றார். காரணம் நான் கேட்கவில்லை.

கோப்பி வாங்கிக்கொண்டு இருந்தபோது, கிடங்கில் வேலை செய்பவர்கள் போடும் மஞ்சள் மேலங்கியோடு ஒரு இளைஞன் உள்ளே வந்தான். எஸ்தரைக் கண்டு நின்றான். அவர்கள் மொழியில் ஏதோ சொன்னான். உரத்துச் சொல்லவில்லை. வாங்க வந்ததை வாங்காமலே திரும்பிப் போய்விட்டான். எஸ்தர் கோப்பையின் மூடியை அழுத்தி அழுத்திச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"என்ன சொன்னவன்?"

"அவன் பாலத்திலை இருந்தவன். நான் சொல்லி எழும்பிப் போனவன். அவன்ரை தமையன் எழும்பேல்லை." மூடியை விட்டுவிட்டு, "காணுற நேரமெல்லாம் அதைத்தான் சொல்லுவான். தமையனை விட்டிட்டுப் போக வைச்சது நான்தானாம்," என்றார்.

அவன் உயிரோடு இருக்கிறானே என்று நான் தொடங்கினேன். எஸ்தர் தலையை ஆட்டினார். அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர் போல. ஒருவேளை தனக்குத்தானே சொல்லிச் சொல்லிச் சலித்துப்போயிருக்கலாம்.

"உங்களிலை எனக்குக் கோவம் இல்லை," என்றார். "ஆனா ஒண்டு சொல்லட்டோ? அண்டைக்கு அந்தக் கோப்பி மிஷினுக்குப் பக்கத்திலை நீங்கள் எனக்குப் பொய் சொல்லியிருந்தால், இவ்வளவு காலமும் நான் உங்களைத் திட்டிப் பேசிக்கொண்டு இருந்திருப்பன். வெள்ளைக்காரர் ஏமாத்திப்போட்டாங்கள் எண்டு சேர்ச்சிலை எல்லாரோடையும் சேர்ந்து அழுதிருப்பன். நீங்கள் உண்மையைச் சொல்லிப்போட்டியள். அதாலை அது என்ரை முடிவாப்போச்சு. ஆரைப் பேச நான்?"

 

இன்று அந்த நடைபாதையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் சொன்ன பிறகு நம் மனம் இலேசாகிவிடும். அந்தப் பாரம் எங்கும் போய்விடவில்லை, எதிரே நிற்பவரிடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நமக்கு வேறு நாடு, வேறு நெருக்கடி, வேறு ஹோட்டல் வந்துவிடும். அவர்களுக்கு அது ஒன்றுதான்.

எஸ்தர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். இல்லத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆள் குறைவாம், திரும்பவும் உள்ளே போகவேண்டுமாம். கடை வாசலில் நின்று, அந்த இளைஞன் தெருவில் இன்னும் நிற்கிறானா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். நின்றான், பஸ் தரிப்பிடத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பஸ் வந்து அவன் ஏறி, அது புறப்பட்டுப் போகும்வரை எஸ்தர் வாசலை விட்டு நகரவில்லை.